ரயில் போன வழியில் சைக்கிள் போகும்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். 1996-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர், இப்போது கலிபோர்னியாவில் வேலை. "சார், பையன் அடம்பிடிச்சு மவுண்டன் பைக் வாங்கிட்டான். எங்க கூட்டிட்டுப் போறதுன்னு தெரியல. செயலியில பாத்தா எல்லாமே பாறையும் பள்ளமுமா இருக்கு. நீங்க பேரன் விஷயத்துல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

வரலாற்று வாத்தியாரிடம் சைக்கிள் பாதை கேட்கிறாரே என்று சிரிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு விடை வரலாற்றில்தான் இருக்கிறது. போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஒரு பீரியட் என்று நினைத்து உட்காருங்கள்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. இரண்டு வருடங்களுக்கு முன் மகள் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் இருந்தேன். பேரனுக்கு அப்போது 12 வயது. பிறந்தநாளுக்கு மருமகன் நல்ல சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். முதல் ஞாயிறே, படத்தில் அழகாக இருந்த ஒரு மலைப் பாதைக்கு அப்பாவும் பிள்ளையும் போனார்கள். செங்குத்தான இறக்கம், சரளைக் கல். பையன் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து விழுந்தான். மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஐந்து வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த பிறகும் சைக்கிளைத் தொடவில்லை. அது கார் ஷெட்டில் தூசி படிந்து நின்றது. "எனக்கு இதெல்லாம் வராது தாத்தா" என்று அவன் சொன்னதுதான் என்னை உறுத்தியது. குறை பிள்ளையிடம் இல்லை. அவனைக் கூட்டிப்போன இடம்தான் தப்பு.

சரியான இடத்தைத் தேடி நான் உட்கார்ந்து படித்ததில்தான் இந்தக் கதை கிடைத்தது.

அட்லாஸை எடுங்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 1937-இல் திறந்த கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் மரின் கவுன்ட்டி. அதன் தெற்குப் பகுதியில் டமல்பாயஸ் என்று ஒரு மலை. உயரம் 784 மீட்டர். அந்தப் பெயரில் 'தமிழ்' ஒலிப்பதாக யாரும் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட வேண்டாம். அது அந்த மண்ணின் பூர்வகுடிகளான கோஸ்ட் மிவோக் மக்களின் சொல். நமக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் சைக்கிளுக்கும் அந்த மலைக்கும் நெருங்கிய உறவு உண்டு. மவுண்டன் பைக் என்று இன்று உலகமெங்கும் விற்கும் வண்டி உருவானதில் பெரும் பங்கு இந்த மலைச் சரிவுகளுக்குத்தான்.

1970-களில் இங்கே சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களைத் தேடித் தேடி வாங்கினார்கள். 1930-களிலும் 40-களிலும் ஷ்வின் போன்ற கம்பெனிகள் செய்த, தடித்த டயர் போட்ட கனமான வண்டிகள். பேப்பர் போடும் பையன்கள் ஓட்டியவை. கியர் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். அவற்றை மலைக்கு மேலே ஏற்றிக்கொண்டு போய்க் கீழே விடுவதுதான் விளையாட்டு.

1976 அக்டோபர் 21-ஆம் தேதி ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு மண்பாதையில் இதைப் போட்டியாகவே நடத்தினார்கள். மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். பிரேக் பிடித்துப் பிடித்து, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைக் கழற்றிப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பது ஆங்கிலத்தில் 'ரீபேக்'. அதுவே அந்தப் பாதையின் பெயராகிவிட்டது.

போட்டியை நடத்தியவர் சார்லி கெல்லி. ஓட்டியவர்களில் கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் என்ற இருவரின் பெயரைச் சைக்கிள் உலகம் இன்றும் சொல்கிறது. ஜோ பிரீஸ் 1977-இல் இந்த வேலைக்கென்றே புதிதாக ஒரு வண்டியைச் செய்தார். அது இப்போது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1979-இல் ஃபிஷரும் கெல்லியும் 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரில் கடை தொடங்கினார்கள். அவர்களுக்குச் சட்டகம் செய்து கொடுத்தவர் டாம் ரிட்சி. 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற வண்டியை ஜப்பானில் செய்து மொத்தமாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேரனின் சைக்கிளுக்கு இவைதான் கொள்ளுத்தாத்தா முறை.

இதுவரை எல்லாரும் சொல்லும் கதை. இனி வாத்தியார் கேள்வி: அந்த இளைஞர்கள் இறங்கிய பாதையைப் போட்டது யார்?

அவர்கள் போடவில்லை. சைக்கிளுக்காகவும் போடவில்லை. காட்டுத் தீ வந்தால் அணைக்கும் வண்டிகள் உள்ளே போக வேண்டும் என்று வெட்டிய மண்சாலை அது. 'ஃபயர் ரோடு' என்பார்கள். மரினில் அதற்குக் காரணம் உண்டு. 1929 ஜூலையில் இந்த மலையில் பற்றிய தீ, அடிவாரத்து மில் வேலி ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. 1933-இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது, வேலையில்லாத இளைஞர்களுக்கென்று ரூஸ்வெல்ட் அரசு ஒரு படையை அமைத்தது. நீங்கள் பாடத்தில் படித்த 'புதிய ஒப்பந்த'த் திட்டங்களில் அதுவும் ஒன்று. டமல்பாயஸ் மலையிலும் அந்தப் பிள்ளைகள் முகாமிட்டு வேலை செய்தார்கள். மலை மேலுள்ள திறந்தவெளி அரங்கின் கல் படிக்கட்டுகள் அவர்கள் கைவேலைதான்.

அணைகளும் உண்டு. 1912-இல் அமைந்த மரின் நகராட்சி நீர் வாரியத்துக்கு இந்த மலையில்தான் நீர்ப்பிடிப்பு நிலம். அணையைப் பார்க்கவும் குழாயைப் பார்க்கவும் ஆள் போய்வர வழி வேண்டும் அல்லவா? அப்படியும் பாதைகள் உண்டாயின.

எல்லாவற்றையும் விடச் சுவையானது ரயில். 1896-இல் மில் வேலியிலிருந்து உச்சிக்கு ஒரு ரயில் பாதை போட்டார்கள். நீளம் சுமார் 13 கிலோமீட்டர், வளைவுகள் 281. உலகிலேயே அதிகம் வளைந்த ரயில் பாதை என்று அவர்களே விளம்பரம் செய்துகொண்டார்கள். நம் மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள். நம் நீலகிரி ரயில் ஏறத்தாழப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற செங்குத்தில் ஏறுவதால், நடுவில் பல்சட்டம் போட்டு அதைப் பிடித்து ஏறுகிறது. டமல்பாயஸில் பல்சட்டம் கிடையாது. ஆகவே ஏற்றம் எங்குமே 7 சதவீதத்தைத் தாண்டாதபடி மலையைச் சுற்றிச் சுற்றிப் பாதையை வளைத்தார்கள். அதாவது பதினான்கு அடி போனால் ஒரு அடி ஏற்றம். அதற்கு மேல் போனால் எஞ்சின் திணறும்.

இன்னொரு வேடிக்கை. உச்சியிலிருந்து திரும்புகிறவர்களுக்கு எஞ்சினே இல்லாத திறந்த பெட்டி ஒன்று இருந்தது. பிரேக் பிடிக்க ஒரு ஆள் மட்டும் முன்னால். பெட்டி தானே உருண்டு மலை இறங்கும். ரீபேக் பிள்ளைகளுக்கு எழுபது வருடம் முன்பே, பிரேக்கை நம்பி இந்த மலையில் உருண்டவர்கள் இருந்திருக்கிறார்கள்!

பிறகு மோட்டார் கார் வந்தது, உச்சிக்குச் சாலையும் வந்தது. ரயிலுக்குக் கூட்டம் குறைந்தது. 1929 தீ அதற்கு மேலும் ஓர் அடி. 1930-இல் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஆனால் மலையில் வெட்டிய அந்தச் சரிவை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாதே! அது அப்படியே நிற்கிறது. 'ஓல்டு ரெயில்ரோடு கிரேடு' என்று பெயர். இன்று நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போகும் அகலமான மண்பாதை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ரீபேக் பாதையின் சரிவு ஏறக்குறைய எட்டுக்கு ஒன்று. ரயில் பாதையின் சரிவு, மிக அதிகமான இடத்திலும், பதினான்குக்கு ஒன்று. இரண்டும் அடுத்தடுத்த மலைகளில்தான். விளையாட்டுக்குப் புகழ் தேடித் தந்தது முதலாவது. சாதாரணமாக ஓட்டுகிற பிள்ளைக்கும், வயதான அப்பாவுக்கும் ஏற்றது இரண்டாவது. 1890-களின் நீராவி எஞ்சினால் மூச்சுவாங்காமல் ஏற முடிந்த இடத்தில், நம் பிள்ளையாலும் மெதுவாக மிதித்து ஏற முடியும். விழுந்த பேரனைக் கூட்டிப்போனது எட்டுக்கு ஒன்றைவிடவும் செங்குத்தான இடம். பதினான்குக்கு ஒன்று பக்கத்திலேயே இருந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை.

இது இந்த ஒரு மலைக்கான கதை மட்டும் இல்லை. 1976-இல் கொலராடோவில் கிரெஸ்டட் பியூட் ஊர்க்காரர்கள் பழைய சைக்கிளில் பேர்ல் கணவாயைத் தாண்டி ஆஸ்பென் போனார்கள். சுரங்கக் காலத்துப் பாதை அது. யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊரைச் சுற்றியுள்ள பல மண்சாலைகள் 1950-களில் யுரேனியம் தேடிப் போனவர்கள் வெட்டியவை. அங்கே உலகப் புகழ்பெற்ற ஸ்லிக்ராக் பாதையைக்கூட 1969-இல் மோட்டார் சைக்கிளுக்காகத்தான் குறியிட்டார்கள். எங்கும் இதே கதைதான். நல்ல சைக்கிள் பாதை பெரும்பாலும் வேறொரு தொழில் தன் தேவைக்காக வெட்டி, பிறகு விட்டுப்போன வழியாக இருக்கும்.

ஆகவே என் மாணவருக்கும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் என் பதில் இதுதான். "இங்கே நல்ல பாதை எது?" என்று தேடாதீர்கள். "இந்த ஊரில் முன்பு எதை, எதன் மேல் ஏற்றிப் போனார்கள்?" என்று தேடுங்கள். ரயில் போயிருந்தால் சரிவு மென்மையாக இருக்கும். குதிரை வண்டி போயிருந்தாலும் அப்படியே. கால்வாய் ஓரம் என்றால் ஏறக்குறைய சமதளம். தீயணைப்புச் சாலை அகலமாக இருக்கும், ஆனால் சில இடங்களில் மலைமுகட்டோடு நேராக ஏறும், எச்சரிக்கை வேண்டும். சுரங்கப் பாதை கரடுமுரடு, அது பழகியவர்களுக்கு. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் பழைய வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நூறு வருடத்துக்கு முந்தைய தாளை எடுத்து, இன்றைய வரைபடத்தின் பக்கத்தில் வையுங்கள். அதில் ரயில் கோடு இருந்து, இதில் இல்லையென்றால், அங்கே ஒரு முறை போய்ப் பாருங்கள்.

சமஉயரக் கோடுகளை நான் கரும்பலகையில் வரைந்தபோது தூங்கியவர்கள் இப்போது வருந்தலாம். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மென்சரிவு. பாதை அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டிப் போனால் கடினம், கோட்டோடு ஒட்டிப் போனால் எளிது. பாதை முகப்பில் பச்சை வட்டம் இருந்தால் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். முதல் தடவை பச்சை வட்டம் போதும். ஏறுவதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். களைத்தால் திரும்பிக்கொள்ளலாம், திரும்பும் வழி இறக்கமாக இருக்கும்.

இதோடு முடித்துவிடலாம். ஆனால் பாதி வரலாறுதான் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் நான் தேர்ந்தெடுத்தது இதே மலையில் ஒரு பழைய குதிரை வண்டிச் சாலை. பான்டோல் என்ற இடத்தில் காரை நிறுத்தினால், அங்கிருந்து வெஸ்ட் பாயின்ட் இன் என்ற சத்திரம் வரை சுமார் மூன்று கிலோமீட்டர். ரயிலில் வந்தவர்கள் இறங்கிக் கடற்கரைப் பக்கம் குதிரை வண்டி ஏறுவதற்காக 1904-இல் கட்டிய சத்திரம் அது. இன்றும் இருக்கிறது. பையன் சைக்கிளில், நான் கைத்தடியோடு நடந்து. முன்னால் போவான், திரும்பி வந்து என்னைப் பார்ப்பான், மறுபடி போவான். பாதி தூரத்துக்குள் முகத்தில் பயம் போய்விட்டது.

ஒரு வளைவில் பின்னாலிருந்து ஒருவர் மின்னல் மாதிரி வந்து என் தோளை உரசுவதுபோலப் போனார். மணியும் இல்லை, குரலும் இல்லை. தடி நழுவி, நான் மலைப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அடி இல்லை. ஆனால் என் முழங்கால் நடுங்கியது நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. பேரன் பார்த்துவிட்டான்.

அவன் கேட்க நினைத்த கேள்வியைச் சற்று முன்புதான் கேட்டிருந்தான். சாலையிலிருந்து பிரிந்து மரத்தடியில் போகும் ஒற்றையடிப் பாதைகளில் "சைக்கிளுக்கு அனுமதி இல்லை" என்று பலகை. "இங்கதானே தாத்தா மவுண்டன் பைக் பொறந்துச்சு? ஏன் விடமாட்டேங்கிறாங்க?"

நியாயமான கேள்விதான். 1980-களில் சைக்கிள் கூட்டம் பெருகியதும் மரினில் நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் புகார் செய்தார்கள். ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளைத் தடுத்தார்கள். அகலமான சாலைகளில் மணிக்கு 15 மைல், வளைவிலும் ஆளைத் தாண்டும்போதும் 5 மைல் என்று வேகக் கட்டுப்பாடு வந்தது. காவலர்கள் ராடார் வைத்துப் பிடித்த காலமும் உண்டு. பிறந்த வீட்டிலேயே பிள்ளைக்குப் பாதி வாசல் மூடிய கதை.

நடப்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அந்த மலையின் நடைபாதைகள் தானாக வந்தவை இல்லை. 1912-இலேயே நடைப்பயணிகள் ஒரு சங்கம் அமைத்து, மண்வெட்டி எடுத்து, பாதைகளைச் செப்பனிட்டுக் காத்தார்கள். மலை பொதுப் பூங்காவானதில் அவர்கள் உழைப்பு உண்டு. எழுபது வருடம் பேணிய வழியில் திடீரென்று பின்னாலிருந்து ஒரு சக்கரம் வந்தால் கோபம் வராதா? உரசல் படும்வரை நானும் பேரன் கட்சி. உட்கார்ந்து எழுந்த பிறகு இரண்டு கட்சியும் புரிந்தது.

இதே வழக்கை இங்கிலாந்து வேறு விதமாகத் தீர்த்தது. அங்கே குதிரைப் பாதைகள் ஏராளம். 1968-இல் ஒரு சட்டம் போட்டு அவற்றில் சைக்கிளும் போகலாம் என்றார்கள். மவுண்டன் பைக் பிறக்கவே இன்னும் பல வருடம் இருந்த காலம் அது. கூடவே ஒரு நிபந்தனை: நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்காரர்தான் வழி விட வேண்டும். உரிமையும் கடமையும் ஒரே பிரிவில். குடிமையியல் பாடத்தில் அடிமைகள் மாதிரி மனப்பாடம் செய்தீர்களே, அதன் பொருள் இதுதான்.

அமெரிக்கச் சைக்கிள்காரர்களும் பாடம் கற்றுக்கொண்டார்கள். 1988-இல் கலிபோர்னியாவில் பல சங்கங்கள் சேர்ந்து ஒரு சர்வதேச மவுண்டன் பைக் சங்கத்தை அமைத்தன. ஆளைக் கண்டால் வேகத்தைக் குறை, வழி விடு, ஈர மண்ணில் ஓட்டிப் பாதையைக் குழப்பாதே, மூடிய பாதையில் நுழையாதே என்று விதிகள் எழுதினார்கள். பாதை போடவும் பழுது பார்க்கவும் தாங்களே மண்வெட்டி எடுத்தார்கள். அப்படி உழைத்த இடங்கள் பலவற்றில் புதிய பாதைகள் கிடைத்தன.

இதை அன்று அந்தச் சத்திரத்துத் திண்ணையில், கீழே தெரிந்த விரிகுடாவைப் பார்த்துக்கொண்டே பேரனுக்குச் சொன்னேன். ஒன்றும் பதில் சொல்லவில்லை. திரும்பும் வழியில் எதிரே ஒரு வயதான அம்மா, கையில் தடியோடு வந்தார். பையன் தூரத்திலேயே பிரேக் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, சைக்கிளை ஓரமாகச் சாய்த்து நின்றான். அந்த அம்மா சிரித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பரீட்சையில் முழு மதிப்பெண் எடுத்தவனிடம் வாத்தியார் என்ன சொல்வது?

அதற்குப் பிறகு நான் ஊர் திரும்பும்வரை மாதம் இரண்டு தடவை போனோம். இப்போது அவன் ரயில் பாதையில் அடிவாரத்திலிருந்து சத்திரம் வரை ஏறுகிறானாம். போனில் சொல்கிறான். ஹேண்டில்பாரில் ஒரு மணி. நம் ஊரில் வாங்கி நான் பெட்டியில் கொண்டுபோனது.

ஆகவே தம்பி, பையனைக் கூட்டிக்கொண்டு ரயில் போன வழியைத் தேடிப் போ. அந்த நிலம் யாருடையது, அங்கே சைக்கிளுக்கு என்ன விதி என்று முதலில் பார்த்துக்கொள். முன்னால் போனவர்கள் வெட்டிய வழி அது. பின்னால் வருகிறவர்களுக்கும் திறந்திருக்க வேண்டுமானால், வளைவில் வேகம் குறையட்டும், மணி ஒலிக்கட்டும்.

மற்றவர்களும் உங்கள் ஊரில் இப்படி விட்டுப்போன பாதை ஏதாவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். எதற்காகப் போட்ட பாதை என்பதையும் சேர்த்து எழுதினால்தான் மதிப்பெண்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்